ஐப்பசியில் மான் எங்கே போகிறது?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாக் குழுச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சார், இருபது நிமிஷம் பேசணும். பழைய ஞாபகத்தை எல்லாரும் பேசிடுவாங்க. நீங்க பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன். அதை விட்டால் எனக்கு வேறு சரக்கு கிடையாது. "மானைப் பற்றிப் பேசுறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம ராமநாதபுரத்துல மானா சார்?" என்று கேட்டார்.

ஏன், இருக்கக்கூடாதா? இந்தச் சேதுச் சீமையின் கதையே ஒரு மானில்தானே தொடங்குகிறது! அன்றைக்கு அந்தப் பொன்மான் மட்டும் ஓடியிராவிட்டால் ராமபிரான் நம் கடற்கரைக்கு வந்திருக்கவே வேண்டாம். சரி, அது புராணம். இன்றைய நடப்புக்கு வருவோம். சாயல்குடி, கடலாடி வட்டாரத்துக் கருவேலங்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்து நாய்களிடம் சிக்குவதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் அடிபடுவதும் அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறது. செத்த பிறகுதான் நமக்கு மான் இருப்பதே தெரிகிறது. அதுதான் வருத்தம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஐப்பசி மாதம் பிறந்தால் மான் நடமாட்டம் குறைந்துவிடுகிறது என்று சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் ஏன்? இந்தக் கேள்வியில் நான் மாணவனாக இருந்தபோது ஒரு தடவை சறுக்கி விழுந்தேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் நான் மூன்றாம் ஆண்டு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு பிராணியை எடுத்துக்கொண்டு, மாதம் நான்கு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். ஒருவன் கொக்கை எடுத்துக்கொண்டான். ஒருவன் ஓணானை எடுத்துக்கொண்டான். நான் கொஞ்சம் பெரிதாகப் பார்க்கலாமே என்று மானை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பின்புறம் கருவேலங்காடு. அங்கே புள்ளிமான் வரும் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

வைகாசியில் போய் உட்கார்ந்தேன். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். விடிகிற நேரத்துக்குக் கூட்டமாக வந்தன. பதினேழு வரைக்கும் எண்ணினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனி, ஆடியிலும் அப்படித்தான். ஆவணியில் ஒரு மழை பெய்தது, எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. ஐப்பசி பிறந்தது. நான்கு நாளும் விடியற்காலையில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் மான்கள் இணைசேரும் என்று அதில் போட்டிருந்தது. வந்தது ஞானம்! ரெக்கார்ட் நோட்டில், "இணைசேரும் பருவத்துக்கு முன்பாக மான்கள் தங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஐப்பசியில் இவ்விடத்தில் மான்கள் இல்லை" என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தேன்.

பேராசிரியர் படித்தார். கோபப்படவில்லை. சிவப்பு மையில் 'இல்லை' என்ற சொல்லைச் சுழித்தார். "தம்பி, மானைக் காணோமா, மான் இல்லையா? முதல்ல அதைச் சொல்லு" என்றார். இரண்டும் ஒன்றுதானே சார் என்றேன். "ஒன்று இல்லை. போய்ப் பார்த்துட்டு வா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மறுபடி கண்மாய்க்குப் போனேன். அங்கே கிடை போட்டிருந்த ஒரு கீதாரி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, தெனமும் ஒத்தையில ஒக்காந்திருக்கீக?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டார். "மழ பேஞ்சிருச்சுல்ல தம்பி. காட்டுக்குள்ள எல்லாப் பள்ளத்துலயும் தண்ணி கெடக்கு. ஒங்க கம்மாயிலதான் வந்து குடிக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?" என்றார். கையோடு என்னைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஈரமண்ணில் அச்சுக் குத்தினது போலக் குளம்படித் தடம். பக்கத்தில் காயாத புழுக்கை. இளம்புல் நுனி கடிபட்டிருந்தது. மான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அது ஐப்பசியோடுதான் தொடங்குகிறது. கோடையில் ஒரு பள்ளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் மான், எங்கிருந்தாலும் அந்தப் பள்ளத்துக்கு வந்தே தீர வேண்டும். நாம் கரையில் உட்கார்ந்தால் போதும், எல்லாமே கண்ணில் படும். மழை பெய்துவிட்டால் தண்ணீரும் புல்லும் எங்கும் கிடைக்கும். கூட்டம் சிறுசிறு பிரிவாகச் சிதறிப் போகும். செடிகொடி தழைத்து மறைப்பும் கூடிவிடும். அதே சமயம் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் போன்ற கண்மாய்களுக்குத் தண்ணீர் வந்து, கூழைக்கடாவும் நாரையும் வரத் தொடங்கும். அந்த இரண்டு ஊர்க் கண்மாய்களும் 1998-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மான் கண்ணிலிருந்து மறைகிற அதே மழையில்தான் பறவை கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கதையை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். 2019 அக்டோபரில் என் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோதுதான் மறுபடி நினைவு வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே இருப்பது வெண்வால் மான். ஓடும்போது வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும். அந்த நாட்டில் உரிமம் வாங்கி, அதற்கென்று குறித்த பருவத்தில் மான் வேட்டையாடலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்லும் அம்புமாக ஒரு வாரம் காட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இது அக்டோபர் மந்தம். இணைசேரும் பருவத்துக்கு முன்னால் கலைமான்கள் இப்படித்தான் அசையாமல் படுத்துவிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ரெக்கார்ட் நோட்டில் எழுதின அதே வாக்கியம்!

அங்கே வேட்டைக்காரர்கள் பலரும் இதைத் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். ஆனால் அதே பென்சில்வேனியாவில் 2013 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்து வந்திருக்கிறது. பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகமும் அந்த மாநிலத்து வனஉயிர்த் துறையும் மற்றவர்களும் சேர்ந்து நடத்துவது. மானின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை மாட்டிவிடுகிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று குறித்த நேரத்துக்கு ஒரு தடவை அந்தப் பட்டையே பதிவு செய்துவிடும். இருட்டாக இருந்தாலும் மழை பெய்தாலும் அதற்குக் கவலையில்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால் அக்டோபர் நடுவில் மந்தமே கிடையாது. கலைமான் நடக்கிற தூரம் அக்டோபர் முழுக்கக் கூடிக்கொண்டே போய், நவம்பர் முற்பாதியில் உச்சத்துக்குப் போகிறது.

அப்படியானால் அந்தப் பெரியவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்ணில் மான் படவில்லை என்பது சத்தியம். ஏன் படவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கோடை முழுவதும் கொம்பைப் போர்த்தியிருக்கும் பூந்தோல் ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் உரிந்துவிடும். அதுவரை அண்ணன் தம்பி போல ஒன்றாகத் திரிந்த கலைமான்கள் அதற்குப் பிறகு ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு பிரிந்து போகும். சில கலைமான்கள் கோடையில் இருந்த இடத்தையே மாற்றிக்கொள்ளும். இதே சமயத்தில் ஓக் மரத்துக் கொட்டைகள் உதிரத் தொடங்கும். அது மானுக்குக் கொழுத்த தீனி. காட்டுக்குள்ளேயே காலடியில் தீனி கிடக்கும்போது வெட்டவெளி வயலுக்கு அது ஏன் வர வேண்டும்? வயலிலும் சோளமும் சோயாவும் அறுவடையாகிவிடும். இதற்கிடையில் மேலே குளிர்கால ரோமம் வளர்ந்துவிடும், ஆனால் வெயில் முழுசாகத் தணிந்திருக்காது. கம்பளி போர்த்திக்கொண்டு பகலில் யார் நடப்பார்கள்? போதாததற்கு வில்லோடு ஆட்கள் காட்டுக்குள் நடமாடத் தொடங்கியிருப்பார்கள். ஆக, மான் நடக்கிறது. வேறு இடத்தில், வேறு நேரத்தில் நடக்கிறது. மனிதர் பழைய மரத்தில், பழைய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தது போல.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "சார், அந்த ஊர் மானுக்கு அக்டோபர் நவம்பரில் இணைசேரும் பருவம். நம்ம ஊர் மானுக்கும் அதே மாதம்தானா?" நல்ல கேள்வி. விடை, அப்படி இல்லை என்பதுதான்.

வெண்வால் மானுக்குப் பஞ்சாங்கம் வெளிச்சம். பகல் குறையக் குறைய, மூளையில் உள்ள பினியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற சுரப்பை அதிக நேரம் சுரக்கும். அதன் வழியாக ஆண் சுரப்புகள் கூடி, கொம்பு முற்றி, நவம்பரில் இணைசேரும். ஏறக்குறைய 200 நாள் கழித்து, மே கடைசியிலும் ஜூனிலும், புல் தளிர்க்கும்போது குட்டி பிறக்கும். முன்னே பின்னே பிறந்தால் பனியில் குட்டி பிழைக்காது. அதனால்தான் அந்தக் கணக்கு வருஷா வருஷம் அவ்வளவு துல்லியம். பென்சில்வேனியாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 6 மணி நேரம். நம் ராமேசுவரத்தில் அது சுமார் ஒரு மணி நேரம்தான். இந்த ஒரு மணி நேரத்தை வைத்து நம் மான் என்ன பஞ்சாங்கம் பார்க்கும்?

அதனால்தான் நம் புள்ளிமான் ஆண்டு முழுவதும் குட்டி போடுகிறது. ஒரே கூட்டத்தில் ஒரு கலைமான் முதிர்ந்த கொம்போடு நிற்கும். இன்னொன்று பூந்தோல் போர்த்திய கொம்போடு நிற்கும். மூன்றாவது கொம்பு உதிர்ந்து மொட்டைத் தலையோடு மேயும். இணைசேருவது கூடுதலாக இருக்கும் மாதங்கள் உண்டு, ஆனால் அவை இடத்துக்கு இடம் மாறும். 1960-களில் மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் அங்கே அது கோடையில் மிகுந்திருப்பதைக் கண்டார். ஆகவே, "இணைசேரும் பருவத்துக்கு முன் மந்தம்" என்று நான் எழுதினது இரண்டு தப்பு. மந்தமும் இல்லை, அந்த மாதத்தில் எல்லா மானுக்கும் பொதுவான பருவமும் இல்லை. குளிர் நாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கருவேலங்காட்டுக்குப் போர்த்திவிட்டேன்.

நிஜமாகவே நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் பிராணி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு போய்ப் பாருங்கள். 1987-ல் வெளிமானுக்காகவே சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை சரணாலயம் 1967-லிருந்தே இருக்கிறது. வெளிமானை நாம் மான் என்கிறோம், ஆனால் அது இரலை இனம். திருகு கொம்பு, உதிரவே உதிராது. பருவம் வந்தால் கறுத்த ஆண் ஒன்று ஒரு சிறு நிலத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவிக்கும். கண்ணோரத்துச் சுரப்பியைச் செடியில் தேய்த்து வாசனை வைக்கும். வேறு ஆண் வந்தால் விரட்டும். மேய்ச்சலையும் குறைத்துக்கொண்டு அந்த நிலத்தை விட்டு நகராமல் நிற்கும். பெண்மான் அதைத் தேடி வர வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நடமாட்டம் சுருங்குகிற இந்த வெளிமான் ஒளிந்துகொள்வதில்லை. வெட்டவெளியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது! கண்ணில் படாத புள்ளிமானோ காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து நடமாட்டத்தை முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனிலும் ராமேசுவரத்திலும் வாடைக் காற்று அடித்து வடகடல் கொந்தளிக்கும்போது, மீன் அற்றுப்போய்விட்டது என்று யாராவது வலையைச் சுருட்டி வீட்டில் வைக்கிறார்களா? தென்கடல் பக்கம் போகிறார்கள். கச்சான் வீசும்போது வடகடலுக்குத் திரும்புகிறார்கள். கடலில் தெரிகிற இந்த நியாயம் கரைக்கு வந்தால் மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

"சார், மான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இதில் என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. அகற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கண்மாயையும் வயலையும் அந்த மரம் என்ன பாடுபடுத்துகிறது என்று விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியும். அதே சமயம், மான் பகலில் படுப்பது அந்த நிழலில்தான். அதன் நெற்றையும் தின்கிறது. நாட்டு உடையும் குடைவேலும் வளர்ந்து மறைப்புத் தருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வழித்துவிட்டால் அது ரோட்டுக்குத்தான் வரும். ஒரு காட்டை அழிப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஐப்பசியில் வந்து, ஜீப்பை விட்டு இறங்காமல் பார்த்துவிட்டு, "இங்கே மான் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதினேனே, அதே வரி. எனக்குச் சிவப்பு மையில் சுழிக்க ஒரு பேராசிரியர் இருந்தார். அந்தக் காகிதத்தைச் சுழிக்க யார் இருக்கிறார்கள்?

நீங்கள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். விலங்கியல் துறையில் ஒரு நோட்டு வையுங்கள். கடலாடி, சாயல்குடி, கமுதிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாதம் இரண்டு நாள், ஒரே இடத்துக்குப் போகாமல், தண்ணீர்ப் பக்கம் ஒரு நாள், காட்டுக்குள் ஒரு நாள் என்று போய்ப் பாருங்கள். பெரியவர் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், வனத்துறையிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். மானைத் தேடாதீர்கள். தடத்தைத் தேடுங்கள், புழுக்கையைத் தேடுங்கள், கடிபட்ட புல்லைத் தேடுங்கள். உதிர்ந்த கொம்பு கிடந்தால் படம் எடுத்து, தேதி போட்டு, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுச் சுவரில் மாட்டுகிறேன் என்று எடுத்து வந்தால் சட்டம் உங்களைத் தேடி வரும்! எந்த மாதத்தில் எந்த இடத்தில் மான் ரோட்டைக் கடக்கிறது என்று இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால், அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். எந்தக் காட்டை முதலில் அழிக்கலாம், எதைக் கொஞ்சம் பொறுத்து அழிக்கலாம் என்று சொல்லலாம். கணக்கு இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது. பழைய மாணவர் சங்கம் அந்த நோட்டுக்கும் இரண்டு தொலைநோக்கிக் கண்ணாடிக்கும் பணம் தர வேண்டும் என்று தலைவரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை இன்றே கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. இந்த 'இல்லை'யைச் சுழிக்க முடியாது. அந்தக் கீதாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இன்றைக்கும் வருந்துகிறேன். ஒருவர் கேள்வியைக் கொடுத்தார், இன்னொருவர் விடையைக் காட்டினார். அந்த ரெக்கார்ட் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, நான் திருத்தி எழுதின சொல் அதற்கு மேல் இருக்கிறது: "காணோம்." அதற்குப் பக்கத்தில் அவர் சின்னதாக ஒரு 'சரி' போட்டிருக்கிறார்.